ஆர்.ஓ. சவ்வைக் காப்பது எப்படி? – கப்பல்காரர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம்



பெரிய கடை வீதி, காந்தி மார்க்கெட், ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகள் என்று எங்கு பார்த்தாலும் ஓட்டல்களிலும் டீக்கடைகளிலும் இனிப்புக் கடைகளிலும் ஆர்.ஓ. இயந்திரத்தைக் காண்கிறோம். மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் பலரும் 20 லிட்டர் கேன் தண்ணீரை விற்கிறோம். சிலர் போர் போட்டுச் சொந்தமாகவே சிறிய தண்ணீர் ஆலை நடத்துகிறோம். இந்த இயந்திரத்தின் உயிர், மெம்பரேன் என்று மெக்கானிக் சொல்லும் சவ்வு. இயந்திரத்தின் பாகங்களில் விலை கூடியவற்றில் அதுவும் ஒன்று.

துவரம்பருப்பு வாங்கினால் மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்க்கிறோம். மிளகாய் வற்றலை உடைத்துப் பார்க்கிறோம். ஆனால் "சவ்வு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், சரி என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். உண்மையிலேயே போய்விட்டதா, கழுவினால் சரியாகுமா, ஏன் போனது என்று கேட்பதில்லை. அதைக் கேட்கத் தெரிந்துகொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

இதற்குச் சரியான ஆசிரியர்கள் கப்பல்காரர்கள். கடலோடு நமக்கென்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். கடல் நீரைக் குடிநீராக்கும் கப்பல் இயந்திரத்திலும் நம் கடையில் ஓடும் இயந்திரத்திலும் இருப்பது ஒரே இனச் சவ்வுதான். நடுக்கடலில் மெக்கானிக் வரமாட்டார், உதிரிப் பாகமும் கிடைக்காது. ஆகவே சவ்வைக் காப்பதில் அவர்கள் கண்டிப்பான ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கின் சாரம் ஒன்றே: சவ்வு உழைத்துக் கெடுவது குறைவு, சும்மா கிடந்தும் கவனிப்பாரற்றும் கெடுவதே அதிகம்.

சவ்வு செய்யும் வேலை

உப்பு நீரையும் நல்ல நீரையும் ஒரு சவ்வால் பிரித்து வைத்தால், இயற்கையில் நல்ல நீர் உப்பு நீர் இருக்கும் பக்கம் போகும். உப்பு நீரின் பக்கம் பலமாக அழுத்தம் கொடுத்தால் அது தலைகீழாகி, நீர் மட்டும் இந்தப் பக்கம் வரும். உப்பு அங்கேயே நிற்கும். இதுதான் எதிர்ச் சவ்வூடு பரவல். இதைத் தொழிலுக்கு உதவும் சவ்வாக்கிக் காட்டியவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய சிட்னி லோப் என்பவரும், நம் நாட்டில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும். 1960-ஐ ஒட்டி இது நடந்தது. இன்று நாம் வாங்கும் சவ்வு அதற்குப் பின் வந்த பாலியமைடு வகை. உப்பைத் தடுக்கும் அதன் மேல்தோல், தலைமயிரின் தடிமனில் முன்னூறில் ஒரு பங்குகூட இராது.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு கரைந்துள்ளது. அதைப் பிரிக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 55 முதல் 70 கிலோ வரை அழுத்தம் தேவை. லாரி டயரில் அடைக்கும் காற்றைப் போல ஏழெட்டு மடங்கு என்று கொள்ளலாம். நம் போர் தண்ணீருக்கு 8 முதல் 15 கிலோ வரை போதும். சென்னையை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் ஆலைகள் தொடங்கப்பட்டன. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் ஆலை ஒன்று 2024-இல் திறக்கப்பட்டது. அளவுதான் வேறு, சவ்வின் குணம் எங்கும் ஒன்றே.

சவ்வின் ஐந்து எதிரிகள்

1. சேறு, தூசி. மேட்டூர் அணை திறந்து ஆடியில் புதுத் தண்ணீர் வரும்போது காவிரி கலங்கி வருவதை நாம் அறிவோம். ஆற்று நீரை எடுப்பவர்களுக்கு மணல் வடிகட்டியும் 5 மைக்ரான் கார்ட்ரிஜ்ஜும் அந்த மாதங்களில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று நாள் பார்த்து மாற்றுவது போதாது. அழுத்தமானி காட்டும்போது மாற்ற வேண்டும். கார்ட்ரிஜ் செலவை மிச்சம் பிடித்துச் சவ்வை இழப்பது, சாக்கு விலையை மிச்சம் பிடித்து அரிசியைக் கொட்டுவதற்குச் சமம்.

2. சுண்ணாம்புப் படிவு. போர் தண்ணீரின் கடினத்தன்மை சவ்வின் மேல் கல்லாகப் படியும். நல்ல நீரை அதிகம் எடுக்க வேண்டும் என்று கழிவு நீர் வால்வை இறுக்குவோர் உண்டு. உள்ளே உப்பு செறிந்து படிவு உண்டாக இதுவே பெரிய காரணம். இயந்திரம் தந்தவர் குறித்த கழிவு விகிதத்தை மாற்றக் கூடாது.

3. கிருமிப் பாசி. ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் தேங்கும் நீரில் கிருமிகள் பெருகிச் சவ்வின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். திருச்சி வெயிலில் இது விரைவாக நடக்கும். இயந்திரம் ஓடும்போது குறைவு, நிற்கும்போதே அதிகம்.

4. குளோரின். இது பலருக்குத் தெரியாத எதிரி. பாலியமைடுச் சவ்வைக் குளோரின் அரித்துவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீர் தொடர்ந்து பட்டால் 200 முதல் 1,000 மணி நேரத்துக்குள் சவ்வு கெடத் தொடங்கலாம். நாளைக்கு 10 மணி நேரம் ஓட்டுபவருக்கு இது 20 நாளிலிருந்து 100 நாள் வரை. ஆகவேதான் கப்பல்காரர்கள் துறைமுகத்தில் ஏற்றிய குளோரின் கலந்த நீரை, கரி வடிகட்டி வழியாகச் செலுத்தாமல் சவ்வைக் கழுவ விடுவதில்லை. மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருப்பது நம் நன்மைக்கே. சவ்வுக்கு முன்னால் உள்ள கார்பன் வடிகட்டி அதை எடுத்துவிட வேண்டும். கார்பன் தீர்ந்ததா என்பதைக் குளோரோஸ்கோப் கருவியில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் காட்டிவிடும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

5. எண்ணெய். கப்பல் துறைமுகத்துக்குள் நிற்கும்போது நன்னீர் இயந்திரத்தை ஓட்டமாட்டார்கள். அங்கே நீரில் எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கும். எண்ணெய் ஒட்டிய சவ்வை மீட்பது கடினம். நம் இடத்தில் நீர்மூழ்கி மோட்டாரின் எண்ணெய்க் கசிவு அதே தீங்கைச் செய்யும். போர் தண்ணீரில் எண்ணெய் மினுமினுப்புத் தெரிந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்துக.

நாள்வழி எழுதுக

நம் முன்னோர் நாள்வழியும் பேரேடும் எழுதாமல் கடையைப் பூட்டியதில்லை. கப்பலிலும் அப்படியே, இயந்திர அறைக் குறிப்பேட்டில் எண்களை எழுதாமல் பணி மாறமாட்டார்கள். சவ்வுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தினமும் ஒரே நேரத்தில் ஐந்து எண்களை எழுதுக: உள்ளே போகும் நீரின் டி.டி.எஸ்., வெளியே வரும் நல்ல நீரின் டி.டி.எஸ்., ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் நீரின் அளவு, சவ்வுக் குழாயின் முன்னும் பின்னும் உள்ள அழுத்தம், நீரின் வெப்பம்.

புதுச் சவ்வு போட்ட முதல் இரண்டு நாட்களின் எண்கள்தான் அடிப்படைக் கணக்கு. பிற்பாடு எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் மெக்கானிக் சொல்வதே கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. புதிதில் உள்ளே 900, வெளியே 45 டி.டி.எஸ். என்றால், நூற்றுக்கு 5 பங்கு உப்பு கடக்கிறது. 95 பங்கு நிற்கிறது. மணிக்கு 500 லிட்டர் கிடைக்கிறது. முன் அழுத்தம் 12 கிலோ, பின் அழுத்தம் 10 கிலோ, வித்தியாசம் 2 கிலோ. சவ்வு உற்பத்தியாளர்கள் சொல்லும் பொது விதி இது: நீர் அளவு 10 விழுக்காடு குறைந்தாலோ, உப்புக் கடப்பது 5 முதல் 10 விழுக்காடு கூடினாலோ, அழுத்த வித்தியாசம் 10 முதல் 15 விழுக்காடு கூடினாலோ கழுவ வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 500 லிட்டர் 450 ஆனாலோ, 45 டி.டி.எஸ். 50-ஐ நெருங்கினாலோ, 2 கிலோ வித்தியாசம் 2.3 ஆனாலோ கழுவும் நாள் வந்துவிட்டது. பாதியாகக் குறையும்வரை காத்திருந்தால் அழுக்கு இறுகிவிடும். பிறகு எந்த மருந்தும் கேட்காது.

ஒரு எச்சரிக்கை. நீர் குளிர்ந்தால் சவ்வு தரும் அளவும் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு. மே மாதத்தில் தொட்டி நீர் 34 டிகிரி, மார்கழியில் 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 500 லிட்டர் தந்த சவ்வு 400 லிட்டர்தான் தரும். அதில் கோளாறு எதுவும் இல்லை. வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டம் திரளும்போது தண்ணீர் தேவை ஏறுவதும், சவ்வு தரும் அளவு இறங்குவதும் ஒரே மாதத்தில் வருகின்றன. இது தெரியாமல் நல்ல சவ்வைக் கழற்றி எறிய வேண்டாம். கார்த்திகையிலேயே சோதித்து, தேவையானால் கழுவி, சேமிப்புத் தொட்டியைப் பெரிதாக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எண்கள் சொல்லும் நோய்

அளவு குறைந்து, அழுத்த வித்தியாசம் கூடினால் சேறு அல்லது பாசி. இது முதல் சவ்வில் தொடங்கும். அளவு குறைந்து, டி.டி.எஸ். கூடினால் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. இது கடைசிச் சவ்வில் தொடங்கும், ஏனெனில் அங்கேதான் உப்பு மிகச் செறிந்திருக்கும். அளவும் கூடி, டி.டி.எஸ்.ஸும் கூடினால் சவ்வு அரிக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலும் குளோரின் வேலை. இதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் கார்பன் வடிகட்டியைச் சரி செய்யாமல் மாற்றினால் புதுச் சவ்வும் அதே வழியில் போகும். டி.டி.எஸ். மட்டும் ஒரே நாளில் திடீரென்று ஏறினால், சவ்வைக் குறை சொல்லுமுன் இணைப்பில் உள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். சில ரூபாய் வளையம் நழுவியதற்காகச் சவ்வையே மாற்றிவிடக் கூடாது.

கழுவும் முறை

சமையலறைச் சுவரில் மாட்டும் சிறிய இயந்திரத்தின் சவ்வைக் கழுவ முனைவதைவிட மாற்றுவதே மேல். 4 அங்குலம், 8 அங்குலச் சவ்வு உள்ள ஆலைகளுக்கே கீழ்க்கண்ட முறை. பழகிய ஆளை வைத்துச் செய்க. உரிமையாளர் அருகிலிருந்து கவனிக்க.

தேவையானவை ஒரு பிளாஸ்டிக் தொட்டி, குறைந்த அழுத்தப் பம்பு, ஒரு கார்ட்ரிஜ், மருந்து கலக்க நல்ல ஆர்.ஓ. நீர். மருந்து இரண்டு வகை. பாசியையும் அழுக்கையும் கரைக்கக் காரம், 0.1 விழுக்காடு காஸ்டிக் சோடா, பி.எச். 12-க்கு மேல் போகக் கூடாது. சுண்ணாம்பைக் கரைக்க அமிலம். 2 விழுக்காடு சிட்ரிக் அமிலம், பி.எச். 2-க்குக் கீழே போகக் கூடாது. நம் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்பதும் இந்தச் சிட்ரிக் அமிலமே. நீரின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது.

பொதுவாகக் காரம் முதலில், அமிலம் பிறகு. பாசி இருக்கும் சவ்வில் அமிலத்தை முதலில் விட்டால் அழுக்கு இறுகிக்கொள்ளும். சுண்ணாம்பு மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அமிலத்தில் தொடங்கலாம்.

மருந்தைக் குறைந்த அழுத்தத்தில், அதிக ஓட்டத்தில் சுற்ற விடுக. 4 அங்குலக் குழாய் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 40 லிட்டர் வரை. அழுத்தம் 4 கிலோவைத் தாண்டக் கூடாது. அழுத்தம் கூடினால் அழுக்கு சவ்வுக்குள் அமுங்கும். முதலில் திரும்பி வரும் கலங்கல் மருந்தை வெளியே விட்டுவிடுக. அரை மணி முதல் ஒரு மணி வரை சுற்றவிட்டு, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஊறவைத்து, மீண்டும் சுற்றவிட்டு, நல்ல நீரால் அலசுக. காரம் முழுதும் போன பிறகே அமிலம். முடிந்ததும் முதலில் வரும் தண்ணீரைக் கேனில் பிடிக்காமல், பி.எச். வழக்கமான நிலைக்கு வரும்வரை கழிவில் விடுக.

செய்யக் கூடாதவை: அமிலத்தையும் காரத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரைச் சவ்வின் அருகில் கொண்டுபோகக் கூடாது. அது அமிலத்தோடு சேர்ந்தால் விஷ வாயு வரும். துணி சோப்புத் தூளால் கழுவக் கூடாது. சில சோப்பு வகைகள் சவ்வில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. கண்ணாடியும் கையுறையும் அணியாமல் காஸ்டிக்கைத் தொடக் கூடாது. இந்த மருந்துகளைச் சரக்கு அறையில், உப்புக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது.

சும்மா இருக்கும் காலம்

இங்கேதான் கப்பல்காரர்களின் ஒழுங்கு நமக்கு மிகவும் உதவும். இயந்திரத்தை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், அது தயாரித்த நன்னீரையே குறைந்த அழுத்தத்தில் திருப்பிவிட்டு உள்ளே நிற்கும் உப்பு நீரைத் தள்ளிவிடுவார்கள். தொடர்ந்து ஓட்டாவிட்டாலும் சில நாட்களுக்கு ஒரு முறை இப்படி அலசுவார்கள். நாமும் இரவில் கடை கட்டும் முன் ஐந்து பத்து நிமிடம் நல்ல நீரால் அலசினால், படிவும் பாசியும் பெரிதும் குறையும். புதிதாக ஆலை அமைப்பவர்கள் இதற்கு ஒரு குழாய் வைக்கச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கோ திருமணத்துக்கோ நாலைந்து நாள் ஊருக்குப் போனால், தினமும் சிறிது நேரம் ஓட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்க. பல வாரம் ஆலையை மூடுவதாயின் சவ்வைக் கழுவி, 1 விழுக்காடு சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலை நிரப்பி வால்வுகளை அடைத்து வைக்க வேண்டும். ஊறுகாய்க்குப் பதப்பொருள் சேர்ப்பது போல என்று கொள்ளலாம். உணவுத் தரத்தில் உள்ளதையே வாங்குக. கோபால்ட் கலந்த மலிவான வகை சவ்வைக் கெடுக்கும். 27 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள இடத்தில் 15 நாட்களுக்கு ஒரு முறை கரைசலை மாற்ற வேண்டும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கணக்குத்தான். மீண்டும் தொடங்கும்போது குறைந்தது ஒரு மணி நேரம் வரும் நீரைக் குடிக்கத் தரக் கூடாது. ஒரு முறை நனைந்த சவ்வு காயவே கூடாது. காய்ந்தால் தன் சக்தியை இழந்துவிடும். பழைய இயந்திரம் வாங்குவோர் இதை முக்கியமாகக் கேட்டறிய வேண்டும்.

வாங்குமுன் ஒரு கேள்வி

எல்லோருக்கும் ஆர்.ஓ. தேவைதானா? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நல்ல ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. காவிரி, கொள்ளிடக் கிணறுகளின் நீர் குழாயில் வரும் தெருவில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 500-க்குள் இருந்து, ஆய்வுக்கூடச் சோதனையிலும் வேறு கெடுதல் இல்லையென்றால், உப்புக்காகச் சவ்வு தேவையில்லை. நல்ல வடிகட்டியும் கிருமி நீக்கமும் போதும். வாங்காத சவ்வுக்குப் பராமரிப்புச் செலவும் இல்லை, கழிவு நீரும் இல்லை.

ஆலை நடத்துவோருக்கு இன்னொன்று. அடைக்கப்பட்ட குடிநீரை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அதிக இடர் உள்ள உணவு வகையில் சேர்த்தது. ஆய்வாளர் வந்து கேட்கும்போது வாய்ச்சொல் உதவாது. தேதியிட்ட நோட்டு உதவும்.

முடிவாக, நன்கு காத்த சவ்வு மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். காக்காதது ஓர் ஆண்டைத் தாண்டாது. அந்த வித்தியாசம் உங்கள் சொந்தப் பில்லிலேயே தெரியும். ஆனால் பணம் மட்டும் கணக்கல்ல. சவ்வு கெட்டதைச் சொல்ல நிறமோ மணமோ இல்லை. கேனில் உள்ள தண்ணீர் பளிங்காகவே இருக்கும். வாங்குபவர் அதைக் குழந்தைக்குக் கொடுக்கிறார். எடையில் குறைவு வைக்கக் கூடாது என்ற நம் வியாபார தர்மம் தண்ணீருக்கும் பொருந்தும். இன்று மாலையே ஒரு நோட்டு வாங்குங்கள். ஐந்து எண்களை எழுதித் தொடங்குங்கள்.